பாத்டப் சுவர் சரவுண்டும் ஷவர் குழாய் வேலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் ஸ்கார்பரோவில் எங்கள் வீடு 1970-களில் கட்டியது. மாடியில் குளியலறை, அதற்கு நேர் கீழே சமையலறை. வீடு வாங்கிய இரண்டாம் வருடம் சமையலறை சீலிங்கில் தேநீர் நிறத்தில் ஒரு கறை வந்தது. ஆள் வைத்துச் சரி செய்தோம். அவர் ஊறிப்போயிருந்த ட்ரைவால் (ஜிப்சம் பலகை) சுவரின் மேலேயே புதுப் பேனலை ஒட்டிவிட்டுப் போய்விட்டார். பார்க்கப் பளபளவென்று இருந்தது. அடுத்த குளிர்காலத்திற்குள் கறை திரும்பி வந்தது, முன்னைவிடப் பெரிதாக. இரண்டாம் முறை மூன்று சுவரையும் மரச்சட்டம் வரை உரித்தோம். குழாய் இணைப்புக்கு மட்டும் லைசன்ஸ் உள்ள பிளம்பரை வைத்துக்கொண்டு, மற்ற வேலையை நானும் என் மைத்துனரும் செய்தோம். அப்புறம் நண்பர்கள், சொந்தக்காரர்கள் வீடுகளில் சில தொட்டிகளுக்குக் கை கொடுத்திருக்கிறேன். அவர்கள் கேட்ட கேள்விகள்தான் இவை. இங்கே கடையில் எல்லாமே அங்குலக் கணக்கு என்பதால் நானும் அங்குலத்திலேயே சொல்கிறேன்.

சரவுண்ட் என்றால் என்ன? ஊரில் இப்படி ஒன்று கிடையாதே?

ஊரில் சுவர் செங்கல், மேலே சிமெண்ட் பூச்சு. தண்ணீர் பட்டால் ஓதம் ஏறும், வெயிலில் காயும். வட அமெரிக்க வீட்டில் சுவர் என்பது 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிற்கும் மரச்சட்டங்கள், அவற்றின்மேல் ட்ரைவால் பலகை. சட்டத்தை ஸ்டட் என்பார்கள். ட்ரைவாலின் உள்ளே ஜிப்சம், வெளியே காகிதம். அந்தக் காகிதம் நனைந்தால் சில நாட்களிலேயே கருப்புப் பூஞ்சணம் பிடிக்கும், பின்னால் இருக்கும் மரம் மெல்ல உளுத்துப்போகும். தொட்டி மூன்று சுவர்களுக்கு நடுவே பொருந்தி உட்காரும். அந்த மூன்று சுவரையும் தண்ணீர் புகாமல் போர்த்துகிற உறைதான் சரவுண்ட். அக்ரிலிக், ஃபைபர்கிளாஸ் போன்றவற்றால் செய்த பேனல்களாக வரும்.

டைல்ஸ் ஒட்டினால் போதாதா?

போதும், ஒழுங்காகச் செய்தால். ஆனால் டைல்ஸும் அதன் இடைவெளியில் நிரப்பும் கிரௌட்டும் தண்ணீரைத் தடுத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கிரௌட் தண்ணீரை உறிஞ்சும். டைல்ஸ் சுவரில் நீரைத் தடுப்பது, பின்னால் பூசும் அல்லது ஒட்டும் நீர்த்தடுப்புப் படலம். அதைச் சரியாகச் செய்யப் பழக்கம் வேண்டும். பேனலில் இணைப்புகள் குறைவு, முதல் தடவை செய்பவர் தப்புச் செய்ய இடமும் குறைவு. அழகில் டைல்ஸ்தான் ஒரு படி மேல் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

பச்சை நிறக் காகிதம் போட்ட ட்ரைவாலை டைல்ஸுக்குப் பின்னால் போட்டால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அமெரிக்க வீட்டுக் கட்டட விதிகளின் 2006 பதிப்பிலேயே தொட்டி, ஷவர் சுவர்களில் டைல்ஸுக்கு அடியில் அதைப் போடுவது நீக்கப்பட்டுவிட்டது. அது ஈரக்காற்றைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது.

கடையில் இரண்டு மூன்று விதம் இருக்கிறதே, எதை வாங்குவது?

ஒட்டும் வகை, ஸ்டட்டில் நேராகத் திருகும் வகை, ஒரே துண்டாக வரும் வகை என்று மூன்று. ஒரே துண்டை மறந்துவிடுங்கள். அது வீடு கட்டும்போதே உள்ளே வைப்பது, கட்டி முடித்த வீட்டில் மாடிப்படியிலும் திரும்பாது, கதவிலும் நுழையாது.

ஒட்டும் பேனல் மெல்லியது. பின்னால் தட்டையான, உறுதியான, காய்ந்த பரப்பு கட்டாயம் வேண்டும். பழைய டைல்ஸ் அசையாமல் உறுதியாக இருந்தால் அதன்மேலேயே ஒட்டலாம் என்று சில கம்பெனிகள் அனுமதிக்கின்றன. ஆனால் கட்டைவிரலால் அழுத்தி எங்காவது அமுங்கினால் அந்தச் சுவருக்கு ஒட்டும் பேனல் கூடாது. எங்கள் வீட்டில் நடந்த தப்பே அதுதான்.

ஸ்டட்டில் திருகும் வகை தடிமனானது. ஓரத்தில் திருகு போட ஒரு பட்டை இருக்கும், தொட்டி விளிம்போடு கவ்விக்கொள்ளும்படி செய்திருப்பார்கள். ட்ரைவால் முழுவதையும் கழற்ற வேண்டும் என்பதைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதுதான் நிறை. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் மூட முடியாது. பழைய வீடு என்றால் நான் இதைத்தான் சொல்வேன். ஒரு நிபந்தனை: பெரும்பாலும் இது அதே கம்பெனியின் குறிப்பிட்ட தொட்டியோடு ஜோடியாகத்தான் பொருந்தும்.

என்ன அளவு? இடது, வலது என்று போட்டிருப்பது எதற்கு?

இங்கே வழக்கமான தொட்டி 60 அங்குல நீளம், 30 அல்லது 32 அங்குல அகலம். 60 என்பது ஸ்டட்டிலிருந்து ஸ்டட்டுக்கு எடுக்கும் அளவு. டைல்ஸ் மேல் அளந்தால் குறைவாக வரும், பயந்துவிடாதீர்கள். இடது, வலது என்பது கழிவு ஓட்டை இருக்கும் பக்கம். தொட்டிக்கு வெளியே நின்று அதைப் பார்க்கும்போது ஓட்டை எந்தக் கையின் பக்கம் இருக்கிறதோ அதுதான் கணக்கு. தப்பான பக்கம் வாங்கிவிட்டுத் திருப்பிக் கொண்டுபோனவர்களை நான் அறிவேன்.

அனுமதி வாங்க வேண்டுமா?

அதே இடத்தில் பழையதை எடுத்துவிட்டுப் புதியது வைப்பதற்குப் பொதுவாக வேண்டியதில்லை. குழாயையோ கழிவு வழியையோ இடம் மாற்றினால் வேண்டும். உங்கள் நகராட்சியின் கட்டடப் பிரிவைக் கூப்பிட்டுக் கேட்டுவிடுங்கள். காண்டோ எனப்படும் அடுக்குமாடி வீட்டில் இருந்தால் முதலில் நிர்வாகக் குழுவைக் கேளுங்கள். தண்ணீரை நிறுத்துவதற்கே அவர்கள் தயவு வேண்டும், கீழ்வீட்டுக்குக் கசிந்தால் செலவும் உங்கள் தலையில்.

பழைய சுவரை நானே உடைக்கலாமா?

1990-க்கு முன் கட்டிய வீடு என்றால் உடைக்கும் முன் அஸ்பெஸ்டாஸ் பரிசோதனை செய்யுங்கள். பழைய ட்ரைவால் இணைப்புப் பூச்சு, தரை ஓடு, குழாய் சுற்றிய உறை, இவற்றில் எதிலும் இருக்கலாம். கனடா அஸ்பெஸ்டாஸைத் தடை செய்தது 2018-இல்தான். ஒரு சின்னத் துண்டை ஈரப்படுத்தி எடுத்து ஆய்வகத்துக்குக் கொடுத்தால் சில நாளில் சொல்லிவிடுவார்கள். தூசி பறந்த பிறகு தெரிந்து பயனில்லை, வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

வார்ப்பிரும்புத் தொட்டி என்றால் 300 பவுண்டுக்கு மேல் இருக்கும். முழுதாக இறக்க நினைக்காதீர்கள். மேலே கனமான போர்வை போட்டு, கண்ணாடியும் காதடைப்பும் கையுறையும் அணிந்து, பெரிய சுத்தியலால் உடைத்துத் துண்டுகளாக இறக்குங்கள். எனாமல் சில்லு கத்தி மாதிரி வெட்டும்.

சுவரைத் திறந்ததும் முதலில் எதைப் பார்ப்பது?

மரத்தை ஒரு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் உளுத்திருக்கிறது. அந்தச் சட்டத்தை மாற்றுங்கள், அல்லது பக்கத்தில் புதுச் சட்டம் சேர்த்துத் திருகுங்கள். தொட்டிக்கடியில் தரைப் பலகையையும் குத்திப் பாருங்கள்.

அடுத்து குழாய். செம்பு என்றால் நிம்மதி. சாம்பல் நிறத்தில் மிருதுவான பிளாஸ்டிக் என்றால் அது பாலி-பி. கனடாவில் 1978-லிருந்து 1995 வரை போட்டது, இணைப்புகளில் கசியும் என்று பெயரெடுத்தது. சூடான நீருக்கு ஆரஞ்சு, குளிர்ந்த நீருக்கு நீலம் என்று இருந்தால் கைடெக் என்ற பெயரில் விற்ற குழாயாக இருக்கலாம். 1995-லிருந்து 2007 வரை விற்ற அதன்மேல் கூட்டு வழக்கு நடந்து இழப்பீடு கொடுக்கப்பட்டது. குழாயின் மேல் அச்சடித்திருக்கும் பெயரைப் படித்து உறுதி செய்யுங்கள். இவை இரண்டில் எது இருந்தாலும், சுவர் திறந்திருக்கும்போதே பிளம்பரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள். பேனலை மூடிய பிறகு அந்தக் குழாய் விட்டுப்போனால் எல்லா வேலையும் மறுபடி.

பழைய இரண்டு கைப்பிடி வால்வை அப்படியே வைத்துக்கொள்ளலாமா? நன்றாகத்தானே வேலை செய்கிறது?

வேண்டாம். இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

நீங்கள் ஷவரில் நிற்கும்போது கீழே யாரோ டாய்லெட்டை ஃப்ளஷ் செய்கிறார்கள். குளிர்ந்த நீரின் அழுத்தம் சட்டென்று குறையும், சூடான நீர் மட்டும் தலையில் கொட்டும். துள்ளி ஒதுங்குகிறோம். வழுக்கும் தொட்டிக்குள் எழுபது வயது அம்மா துள்ளினால் என்ன ஆகும்? அழுத்தத்தைச் சமன்செய்யும் வால்வு இரண்டு பக்க அழுத்தத்தையும் உள்ளே ஒப்பிட்டு, ஒன்று குறைந்தால் மற்றதையும் குறைத்துவிடும். தண்ணீர் மெலியும், வெப்பம் ஏறாது. தெர்மோஸ்டாட் வகை இன்னும் துல்லியம், விலையும் கூட. கனடாவின் பிளம்பிங் விதிப்படி ஷவருக்கு இந்த இரண்டில் ஒன்று இருக்க வேண்டும், வெளிவரும் நீர் 49 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது.

அந்த 49 தானாக வராது. கைப்பிடியைக் கழற்றினால் உள்ளே ஒரு பல் சக்கரம் அல்லது வளையம் இருக்கும். அதைத் திருகினால் கைப்பிடி சூடான பக்கம் எவ்வளவு தூரம் போகலாம் என்று எல்லை வைக்கலாம். வேலை முடிந்ததும் ஒரு சமையல் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்து எல்லையைப் பூட்டுங்கள். பலர் இதைச் செய்வதே இல்லை. லெஜியோனெல்லா கிருமி வளராமல் இருக்க வெந்நீர்த் தொட்டியை 60 டிகிரியில் வைக்கச் சொல்கிறார்கள். அந்த 60 டிகிரி நீர் நேராகத் தோலில் பட்டால் சில நொடிகளில் கொப்புளம். வெந்நீர்த் தொட்டியில் 60, ஷவரில் 49, இரண்டுக்கும் நடுவே காவல் இந்த வளையம்தான்.

எந்த உயரத்தில் எதை வைப்பது?

வால்வு, தொட்டியின் அடித்தளத்திலிருந்து சுமார் 28 முதல் 32 அங்குலம். தொட்டிக்குள் நீர் விழும் குழாயான ஸ்பவுட்டின் வாய், தொட்டி விளிம்புக்குக் கட்டாயம் மேலே இருக்க வேண்டும். நான் விளிம்பிலிருந்து 4 அங்குலத்துக்குக் குறைக்க மாட்டேன். வாய் அழுக்கு நீரில் மூழ்கினால், தெருவில் அழுத்தம் குறையும் நேரத்தில் அந்த நீர் குடிநீர்க் குழாய்க்குள் உறிஞ்சப்படலாம். ஷவர் தலையைத் தாங்கும் குழாயான ஷவர் கை, அறைத் தரையிலிருந்து சுமார் 78 அங்குலம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. தொட்டியோடு சேர்த்துப் பேனலின் மேல் விளிம்பு பல நேரம் 75 அங்குலம் பக்கம் வந்து நிற்கும். ஷவர் கையின் வட்ட மூடி பாதி பேனல் மேல், பாதி ட்ரைவால் மேல் உட்கார்ந்தால் அந்தப் படியில் எப்போதும் நீர் புகும். ஆகவே முதலில் பேனலைச் சுவரில் சாத்தி மேல் விளிம்பைப் பென்சிலால் கோடு போடுங்கள். பிறகு ஷவர் கையை அந்தக் கோட்டுக்கு நன்றாக மேலேயோ, நன்றாகக் கீழேயோ வையுங்கள். வீட்டில் உயரமானவர் யாரோ அவரை உள்ளே நிற்க வைத்துப் பார்ப்பது எந்தப் பட்டியலையும்விட நல்லது.

வால்வு சுவருக்குள் எவ்வளவு ஆழம்?

வால்வின் மேல் ஒரு பிளாஸ்டிக் கவசம் மாட்டி வரும். முடிந்த சுவரின் முகம் எங்கே வரவேண்டும் என்று அதில் குறித்திருப்பார்கள். கழற்றி எறியாதீர்கள். டைல்ஸ் சுவர் என்றால் அரை அங்குலப் பலகை, பசை, டைல் எல்லாம் சேர்ந்து ஒரு அங்குலம்கூட வரும். ஸ்டட்டில் நேராகத் திருகும் பேனல் அதைவிட மிக மெல்லியது. டைல்ஸுக்கு வைத்த ஆழத்திலேயே வால்வை விட்டால் வட்ட மூடி சுவரைத் தொடாமல் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். ரொம்ப உள்ளே போனால் நீட்டிப்புத் துண்டு வாங்கித் தப்பிக்கலாம், ரொம்ப வெளியே வந்தால் தப்பிக்க வழியில்லை. பேனல் தடிமனை அளந்த பிறகுதான் வால்வு தாங்கும் குறுக்குக் கட்டையைத் திருக வேண்டும்.

செம்புக் குழாயா, பெக்ஸா?

வால்வுக்கு வரும் இரண்டு வழிக்கும், ஷவருக்கு ஏறும் வழிக்கும் வளையும் பிளாஸ்டிக் குழாயான பெக்ஸ் தாராளமாகப் போடலாம். ஆனால் வால்விலிருந்து கீழே ஸ்பவுட்டுக்கு இறங்கும் அந்தச் சின்னத் துண்டு மட்டும் அரை அங்குலச் செம்பு அல்லது பித்தளையாக இருக்கட்டும். கடையில் சொல்லும் அளவு ஒன்றே என்றாலும் பெக்ஸின் உள்விட்டம் சிறியது, இணைப்புத் துண்டுகள் இன்னும் சிறியவை. தொட்டி நிரப்பும்போது நீர் கீழே இறங்க முடியாமல் தேங்கி மேலே ஏறும், ஷவர் தலையிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும். ஒரு நண்பர் வீட்டில் இதற்காக ஷவர் தலையையும் வால்வின் உள்பாகத்தையும் மாற்றிப் பார்த்தார்கள், சொட்டு நிற்கவில்லை. குற்றம் எட்டு அங்குலப் பெக்ஸ் துண்டில் இருந்தது. அந்தத் துண்டு நேராகவும் இறங்க வேண்டும், 8 முதல் 18 அங்குலத்துக்குள்.

மேலே ஷவர் கை மாட்டும் முழங்கை இணைப்புக்குக் காது மாதிரி இரண்டு பட்டை இருக்கும். அதை ஒரு குறுக்குக் கட்டையில் திருகி இறுக்குங்கள். காற்றில் தொங்கும் முழங்கைதான் பின்னால் ஷவர் தலையைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் ஆடி, கசியத் தொடங்கும்.

சுவருக்குள் நெருப்பு வைத்துச் செம்புக் குழாயைப் பற்றவைக்கப் பயமாக இருக்கிறது.

பயம் நல்லது. மரத்தின்மேல் தீத்தடுப்புத் துணி, பக்கத்தில் தண்ணீர்த் தெளிப்பான், தீயணைப்பான். வால்வின் உள்பாகத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் சூடு காட்ட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே ரப்பர் உருகிவிடும். முடிந்த பிறகு ஒரு மணி நேரமாவது வீட்டில் இருங்கள். நானும் இதைப் பிளம்பரிடம்தான் விட்டேன். ஸ்டட்டில் ஓட்டை போட்டுக் குழாய் போகும் இடங்களில், முன்பக்கம் இரும்புத் தகடு அடிக்க மறக்காதீர்கள். பின்னால் பேனலுக்குப் போடும் திருகு குழாயில் இறங்காது.

குழாய்ச் சுவர் வெளிச்சுவராக இருக்கிறது. பனிக்காலத்தில் உறையுமா?

உறையும். முடிந்தால் குழாயை உள்சுவருக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால், வெப்பத்தடுப்புப் பஞ்சு முழுவதும் குழாய்க்குப் பின்னால், வெளிப்பக்கமாக இருக்க வேண்டும். குழாய் அறையின் கதகதப்புப் பக்கம் இருக்கட்டும். குழாய்க்கு முன்னால் பஞ்சைத் திணித்தால் அறைச் சூடும் அதற்குக் கிடைக்காது.

மூடும் முன் எப்படிச் சோதிப்பது?

இந்த ஒரு வேலைக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். ஷவர் முழங்கையிலும் ஸ்பவுட் முனையிலும் மூடி போட்டு இறுக்குங்கள். மெயின் வால்வை மெதுவாகத் திறந்து, ஷவர் வால்வையும் திறந்து வையுங்கள், அப்போதுதான் மேலே ஏறும் குழாயிலும் அழுத்தம் நிற்கும். ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த டிஷ்யூ காகிதத்தால் சுற்றித் தொட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரத்தைக் காகிதம் காட்டிவிடும். ஒரு இரவு அப்படியே விட்டுக் காலையில் மறுபடி பாருங்கள். எங்கள் வீட்டில் மாலையில் காய்ந்திருந்த ஒரு இணைப்பு காலையில் வியர்த்திருந்தது. பிளம்பர் வந்து பத்து நிமிடத்தில் சரி செய்தார். பேனல் ஏறியிருந்தால் அதே வேலைக்குச் சுவரை வெட்டியிருக்க வேண்டும்.

மூடும் முன் கைபேசியில் மூன்று சுவரையும், பக்கத்தில் அளவு நாடா தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். வால்வின் பின்பக்கம் அலமாரி இருந்தால் அங்கே திறந்து மூடும் பலகை ஒன்று வைத்துவிட்டால் இன்னும் நல்லது.

தொட்டியை உட்கார வைப்பதில் என்ன கவனிக்க வேண்டும்?

ரசமட்டம் நான்கு பக்கமும். பின்சுவரில் தொட்டி விளிம்பைத் தாங்க ஒரு கட்டை திருக வேண்டும். அக்ரிலிக் தொட்டிக்கடியில், கம்பெனி தடுக்காவிட்டால், சிமெண்ட் கலவையை மேடு மேடாகப் போட்டு அதன்மேல் அழுத்தி உட்கார வையுங்கள். நிறைந்த தொட்டியில் 150 லிட்டர் என்றால் 150 கிலோ, அதோடு ஆளும் சேர்ந்து. அடியில் வெற்றிடம் இருந்தால் கால் வைக்கும்போதெல்லாம் நெளியும், நெளிகிற தொட்டி சிலிக்கானைக் கிழிக்கும், கழிவு இணைப்பையும் தளர்த்தும்.

கழிவு ஓட்டையின் வளையத்துக்கடியில் பிளம்பர் புட்டி போடும் பழக்கம் உண்டு. சில பிளாஸ்டிக், அக்ரிலிக் தொட்டிகளுக்கு அது ஆகாது, சிலிக்கான் போடுங்கள். தொட்டி நிரம்பி வழியாமல் காக்கும் ஓவர்ஃப்ளோ ஓட்டைக்குப் பின்னால் தடித்த ரப்பர் வளையம் ஒன்று இருக்கும். பழையதைத் திரும்பப் போடாதீர்கள்.

ட்ரைவாலுக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் இருக்கிறதே, அதைக் கிழித்து எறியலாமா?

வெளிச்சுவரில் அது ஆவித்தடுப்பு, குளிர்நாட்டு வீட்டுக்கு அவசியம். எடுத்தால் திரும்பப் போட வேண்டும். ஆனால் அதன்மேல் பலகை, பலகையின்மேல் இன்னொரு நீர்த்தடுப்புப் படலம் என்று டைல்ஸுக்குச் செய்யும்போது, இரண்டுக்கும் நடுவே ஈரம் மாட்டிக்கொள்ளலாம். ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். படலத்தை விற்கும் கம்பெனியின் கையேட்டில் இதற்குத் தெளிவான விளக்கம் இருக்கும்.

பேனலில் வால்வுக்கும் ஸ்பவுட்டுக்கும் ஓட்டை போடப் பயமாக இருக்கிறது. ஒரு தப்பு செய்தால் பேனலே போச்சே?

அதனால்தான் முதலில் அட்டையில். பேனல் வந்த பெட்டியிலிருந்தே பேனல் அளவுக்கு அட்டை வெட்டி, தொட்டி விளிம்பில் நிறுத்தி, குழாய்களின் நடுவை அட்டையில் குறியுங்கள். அட்டையில் ஓட்டை போட்டு மாட்டிப் பாருங்கள். சரியாக வந்தால்தான் பேனலின் முகப்புப் பக்கம் வைத்துக் குறிப்பது. பின்பக்கம் வைத்தால் இடம் வலம் மாறிவிடும். வெட்டும் இடத்தில் டேப் ஒட்டி, வட்ட ஓட்டை போடும் ஹோல்-சாவை முகப்புப் பக்கத்திலிருந்து அவசரமில்லாமல் ஓட்டுங்கள், பின்னால் மரத்துண்டு ஒன்று பிடித்துக்கொள்ளுங்கள். ஓட்டை வட்ட மூடிக்குள் மறையும் அளவுக்குள் இருக்கட்டும். அதே நேரம் வால்வின் உள்பாகத்தைப் பின்னாளில் கழற்றி எடுக்கும் அளவுக்குப் பெரிதாகவும் இருக்க வேண்டும்.

எந்தப் பசை?

பேனல் கம்பெனி சொல்லும் பசை மட்டும். கரைப்பான் கலந்த சாதாரணக் கட்டுமானப் பசை சில பிளாஸ்டிக்கை அரித்து முகப்பில் அலையலையாகக் காட்டும். பசை தடவும் முன் எல்லாத் துண்டையும் ஒரு முறை பசையில்லாமல் நிறுத்திப் பாருங்கள். பேனலை முந்தின நாளே வீட்டுக்குள் கொண்டுவந்து அறைச் சூட்டுக்குப் பழக விடுங்கள். ஒட்டிய பிறகு எதிர்ச்சுவருக்குக் குறுக்கே கட்டைகளை முட்டுக் கொடுத்து ஒரு நாள் விட வேண்டும்.

சிலிக்கான் போட்ட சில மாதத்திலேயே தொட்டி ஓரத்தில் பிரிந்துவிடுகிறது. ஏன்?

வெறும் தொட்டியில் போட்டதால். தொட்டியைத் தண்ணீரால் நிரப்பிவிட்டுப் போடுங்கள், காயும் வரை அந்தத் தண்ணீரை வெளியே விடாதீர்கள், 24 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாரத்தில் தொட்டி கொஞ்சம் இறங்கி இடைவெளி விரிந்திருக்கும்போது சிலிக்கான் உட்கார்ந்தால், பிறகு சுருங்கத்தான் செய்யும், கிழியாது. பழைய சிலிக்கானை முழுக்கச் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டுத்தான் புதியது. பூஞ்சணம் தடுக்கும் நூறு சதவீத சிலிக்கான் என்று பார்த்து வாங்குங்கள்.

வால்வின் வட்ட மூடிக்கு மேலும் இரண்டு பக்கமும் மட்டும் போடுங்கள், அடியில் விட்டுவிடுங்கள். தப்பித்தவறி உள்ளே போன தண்ணீர் வெளியே வர அதுதான் வழி.

ஊரிலிருந்து அம்மா அப்பா வருகிறார்கள். வாளியும் கப்பும் வைத்துத்தான் குளிப்பார்கள். என்ன மாற்றங்கள் செய்யலாம்?

முதலில் கைப்பிடிக் கம்பி. சுவர் திறந்திருக்கும்போதே ஸ்டட்டுகளுக்கு நடுவே இரண்டுக்கு எட்டு அங்குல மரத்துண்டுகளைக் குறுக்கே அடித்துவிடுங்கள். தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில் நீளச்சுவரிலும், ஏறி இறங்கும் பக்கம் நெட்டுக்குத்தாகவும். இன்று கம்பி வேண்டாம் என்றாலும் மரத்தைப் போட்டு வையுங்கள், செலவு சில டாலர்தான். உறிஞ்சும் ரப்பரால் ஒட்டும் கம்பிகளை நம்பி ஒரு பெரியவரின் எடையை விடாதீர்கள்.

அடுத்து, நீண்ட குழலோடு கை ஷவர். உட்கார்ந்து குளிக்க ஒரு நாற்காலி. வாளி வைத்துக் குளிப்பவர்களுக்குத் தொட்டி விளிம்புதான் பிரச்சினை. கப்பை ஊற்றும் வேகத்தில் தண்ணீர் வெளியே தெறித்து, இங்கே தரையில் வடிகால் இல்லாததால், நேராகக் கீழ்வீட்டுச் சீலிங்குக்குப் போகும். கை ஷவரைப் பழக்கினால் இரண்டு பேருக்கும் நிம்மதி. குழல் தொட்டி நீருக்குள் தொங்கும் என்பதால், பின்னோட்டம் தடுக்கும் அமைப்பு உள்ளே இருக்கிறதா என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள்.

எண்ணெய்க் குளியல் நாளில் தொட்டிக்குள் வழுக்காத விரிப்பு கட்டாயம். குளித்து முடித்ததும் சூடான நீரில் கொஞ்சம் பாத்திரச் சோப்பைக் கரைத்து அடியைக் கழுவிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்து ஏறுபவர் எண்ணெய் இருப்பது தெரியாமல் கால் வைப்பார். சீயக்காயும் முடியும் சேர்ந்தால் கழிவுக் குழாயின் வளைவான ட்ராப் அடைக்கும், ஓட்டையில் ஒரு வலை போடுங்கள். சொரசொரப்பான தூளைப் போட்டு அக்ரிலிக்கைத் தேய்க்காதீர்கள்.

ஷவர் சுவரில் ஜன்னல் இருக்கிறது.

பழைய வீடுகளில் சகஜம். அடிப்பலகையை உள்பக்கம் சரிவாக வைத்து, பிளாஸ்டிக் சட்டம் போட்டு மூடுங்கள். மரச்சட்டத்தை வைத்துக்கொள்ள வேண்டாம்.

எல்லாம் முடிந்தும் கீழ் சீலிங்கில் கறை. எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கறையின் ஓரத்தைப் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். பிறகு ஒன்றொன்றாகச் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு சோதனைக்கும் நடுவே ஒரு நாள் விடுங்கள், இல்லாவிட்டால் எதனால் நனைந்தது என்று தெரியாது.

யாரும் குளிக்காத நாளிலும் கறை வளர்கிறதா? அழுத்தத்தில் இருக்கும் குழாயில் கசிவு. வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். அதில் கசிவு காட்டும் சின்னச் சக்கரமோ குறியோ அசைந்தால் சந்தேகமே இல்லை.

அசையவில்லை என்றால் கழிவு. தொட்டியைக் கால்வாசி நிரப்பி, சுவர் நனையாமல், ஒரே மூச்சில் திறந்துவிடுங்கள். அப்போது நனைந்தால் கழிவு இணைப்போ ட்ராப்போ. அடுத்த நாள் ஓவர்ஃப்ளோ ஓட்டை வரை நிரப்பிக் கொஞ்சம் உள்ளே போகவிடுங்கள். அதில் நனைந்தால் ரப்பர் வளையம். மூன்றாம் நாள் ஷவர் தலையைக் கழற்றி, மூடி போட்டு, ஷவர் பக்கம் தண்ணீரைத் திருப்பி அரை மணி நேரம் அழுத்தத்தில் வையுங்கள். அதில் கசிந்தால் சுவருக்குள் மேலே ஏறும் குழாய் அல்லது முழங்கை. இவை எதிலும் வரவில்லை என்றால் தண்ணீர் வெளியிலிருந்து உள்ளே போகிறது. கை ஷவரால் சுவரை ஒவ்வொரு பகுதியாக நனைத்துப் பாருங்கள். முதலில் தொட்டி ஓரம், பிறகு மூலைகள், கடைசியாக வால்வு மூடி.

எங்கள் முதல் கறைக்கு இரண்டு காரணங்கள் இருந்தன. வால்வு மூடியைச் சுற்றிச் சிலிக்கானே இல்லை, அதனால் ட்ரைவால் ஊறியது. அதோடு ஓவர்ஃப்ளோ வளையம் பிஸ்கட் போல் இறுகி விரிசல் விட்டிருந்தது, குழந்தைகள் தொட்டி நிறைய விளையாடிய இரவுகளில் மட்டும் அங்கிருந்தும் இறங்கியது. ஒன்றை மட்டும் சரி செய்திருந்தால் மற்றது நம்மை ஏமாற்றிக்கொண்டே இருந்திருக்கும்.

கசிவு நின்றது உறுதியான பிறகும் சீலிங்குக்கு உடனே பெயிண்ட் அடிக்காதீர்கள். இரண்டு வாரமாவது காயட்டும். அப்புறம் கறையை மறைக்கும் பிரைமர் ஒரு பூச்சு. அது இல்லாமல் சாதாரண பெயிண்டை மட்டும் அடித்தால் மஞ்சள் மறுபடி மேலே எழும்பி வரும், புதுக் கசிவு என்று நினைத்து மறுபடி சுவரைத் தட்டிக்கொண்டு நிற்பீர்கள்.